திருகோணமலைக்கு இரண்டு ஆண்டு குடிவருகிறவர்களுக்கு

கேள்வி சுருக்கமாக இது. டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். தாய் திருகோணமலையைச் சேர்ந்தவர். கணவர் டேனிஷ்காரர், தமிழ் தெரியாது. திருகோணமலை நகரில் இவருக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. கணவர் தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வருகிறார். நிலாவெளியில் கடலைப் பார்த்தபடி ஒரு வீட்டைப் படத்தில் பார்த்துப் பிடித்துப்போயிற்று. எடுக்கலாமா, அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், விடுமுறைக்கு ஆசியாவில் எங்கே போகலாம், எதையெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறார்.

தங்கச்சி, உங்கள் கேள்வி அலுவலகத்தையும் கடலையும் சுற்றியே நிற்கிறது. காலை எட்டரை முதல் மாலை ஐந்து மணி வரை உங்கள் கணவர் என்ன செய்யப் போகிறார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் வெளிநாட்டுப் பணியாளர்கள் இங்கே நிறையப் பேர் வந்தார்கள். அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும், வீட்டுக்காரருக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று கதைப்பதும் என் தொழிலின் ஒரு பகுதி. ஒப்பந்தம் முடியுமுன் மூட்டை கட்டிய தம்பதிகளில் வேலை பிடிக்காமல் போனவர்கள் அபூர்வம். வேலைக்குப் போகிறவருக்கு மேசை, சக ஊழியர், தேநீர் வேளை எல்லாம் தயாராக இருக்கின்றன. ஒரு மாதத்தில் பழகிவிடுவார். வீட்டில் இருப்பவருக்குத்தான் பகல் நீளும். ஆகவே வீடு, போக்குவரத்து, விடுமுறை எதுவானாலும் அவரை மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

அந்தக் கணக்கில் நிலாவெளி வீடு வேண்டாம். நகரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர். நீங்கள் படத்தில் பார்த்தது மே மாதக் கடலாக இருக்கும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அங்கே பயணிகள் உண்டு, படகுக்காரர் உண்டு, இரவு பத்து மணிக்கும் கொத்து ரொட்டி தட்டுகிற சத்தம் உண்டு. ஒக்டோபர் கடைசியில் மழையைக் கொண்டுவரும் வடகீழ்ப் பருவக்காற்றான வாடை திரும்பியதும் பல விடுதிகள் கதவடைத்துவிடும். படகுகள் மேட்டில் ஏறிவிடும். மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி என்கிற தற்காலிகக் குடிசை போட்டிருந்த மீனவர்களும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் காலையில் அலுவலகத்துக்குப் புறப்பட்ட பிறகு உங்கள் கணவருக்கு மிஞ்சுவது மழையும் பக்கத்து விடுதியின் காவலாளியும்தான். போதாக்குறைக்கு உப்புக்காற்று. குளிரூட்டி, சைக்கிள், கதவுப் பிணைச்சல் என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை.

நகருக்குள் பாருங்கள். என் முதல் தெரிவு உவர்மலை. மேட்டு நிலம், வெள்ளம் நிற்காது, காற்று வரும், சந்தைக்கும் கடற்கரைக்கும் சைக்கிளில் போய்விடலாம். வாடகை கொஞ்சம் அதிகம். கடல் கட்டாயம் வேண்டுமென்றால் உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் ஒரு சமரசம்: கடற்கரை கிட்ட, பஸ் அடிக்கடி, ஆண்டு முழுவதும் குடியிருக்கிற சனம் உண்டு. அநுராதபுரச் சந்தி, லிங்கநகர், பாலையூற்றுப் பகுதிகளில் குறைந்த வாடகைக்கு நல்ல வீடுகள் அகப்படும். ஆனால் தாழ்ந்த ஒழுங்கைகளில் டிசம்பரில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். எங்கே நிற்கும் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், அயல்வீட்டில் கேளுங்கள். வெளிச்சுவரின் அடியில் பாசி ஏறிய உயரத்தையும் பாருங்கள். அது பொய் சொல்லாது.

முற்பணமாக ஆறு மாத வாடகை, சில இடங்களில் ஒரு வருட வாடகை கேட்பார்கள். அது உங்களுக்கென்று கேட்பதல்ல, ஊர் வழமை. பேசிக் குறைக்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டப்படி நிற்கும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் அதைத்தான் சொல்கிறது. "எங்களுக்குள் எதற்குக் கடுதாசி" என்று சிரித்தபடி சொல்கிற வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிற அவருடைய மகனுக்கு அந்த வீடு தேவைப்படும் நாளில்தான் கடுதாசியின் அருமை தெரியும்.

தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. வீட்டில் கிணறும் மேல்நிலைத் தாங்கியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடற்கரையை அண்டிய கிணறுகள் கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் உவர்க்கும். குளிக்க உதவும், தேநீருக்கு உதவாது. மின்சாரம் 230 வோல்ட். பழைய வீடுகளில் வட்டமுனைச் செருகி, புதியவற்றில் சதுரமுனை மூன்று. டென்மார்க்கிலிருந்து கொண்டுவருகிற எதுவும் நேரே பொருந்தாது. அலகு கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும் கட்டண முறை என்பதால் குளிரூட்டியை இரவு முழுவதும் ஓடவிட்டால் மாதக் கடைசியில் பட்டியல் பேசும். மின்வெட்டுக்கு ஒரு மின்கல விளக்கு போதும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாக அமைச்சர் சொல்ல, நாடு முழுவதும் மணிக்கணக்கில் இருளில் கிடந்தது. அந்தக் கதையை உங்கள் கணவர் ஊருக்குக் கடிதத்தில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இங்கே ஆண்டை இரண்டு காற்றுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான். மேற்கிலிருந்து மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம்மிடம் வருகிற காற்று. வறட்சி, புழுதி, வெயில் 35 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். கடல் மட்டும் அப்போதுதான் அடங்கிக் கிடக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடை. ஆண்டு மழையின் பெரும்பங்கு இந்த மாதங்களில் விழுந்துவிடும். புயல் வந்தாலும் இப்போதுதான் வரும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கேதான் கரை ஏறியது. வட ஐரோப்பியர் எல்லோரும் கச்சான் வெயிலுக்கு அஞ்சுவார்கள். நான் பார்த்த அளவில் அவர்களை உடைத்தது வெயில் அல்ல, டிசம்பர். தோல் செருப்பில் பூஞ்சணம், காயாத துவாய், இரண்டு வாரம் நீலம் தெரியாத வானம். நீங்கள் எந்த மாதத்தில் வந்திறங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. தெரிவு உங்கள் கையில் இருந்தால் பெப்ரவரியில் வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, கடலும் மெல்ல அடங்கத் தொடங்கும். முதல் வாடைக்கு முன் எட்டு மாதம் பழகக் கிடைக்கும்.

வெயில் நேரத்தை ஊர்ச்சனம் போலவே பயன்படுத்தச் சொல்லுங்கள். வெள்ளன ஐந்தரைக்கு எழும்பி ஒன்பது மணிக்குள் வெளிவேலை எல்லாம் முடித்து, மத்தியானம் விசிறிக்குக் கீழே படுத்து, நாலரைக்குப் பிறகு மறுபடி வெளியே. நண்பகலில் தொப்பியும் இல்லாமல் டொக்யார்ட் வீதியில் நடந்துபோகிற வெள்ளைக்காரரைப் பார்த்தால் ஓட்டோக்காரர்கள் நிறுத்துவது வருமானத்துக்காக மட்டுமல்ல.

சந்தைப் பொறுப்பை முழுவதுமாக அவரிடம் விட்டுவிடுங்கள். இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. நீங்கள் போனால் ஒரு தமிழ்ப் பெண் மீன் வாங்கிப் போனாள், அவ்வளவுதான். அவர் போனால் முதல் வாரம் வேடிக்கைப் பொருள், இரண்டாம் வாரம் விலையேற்றிச் சொல்லப்படுகிற வாடிக்கையாளர், இரண்டாம் மாதம் "இன்றைக்குப் பாரை வேண்டாம் ஐயா, நேற்றையது" என்று காதோடு சொல்லப்படுகிற மனிதர். அந்த மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டால் இந்த ஊரில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. எண்ணும் மீன் பெயரும் சந்தையிலேயே வாயில் ஏறிவிடும்: சூரை, பாரை, விளமீன், கணவாய். விடியற்காலையில் திருக்கடலூர்ப் பக்கம் போனால் படகு வருவதைப் பார்க்கலாம். பருவத்தில் கரைவலை இழுக்கிறபோது கயிற்றில் ஒரு கை கொடுத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். கிண்ணியா எருமைத் தயிர் சட்டியோடு வரும். வாங்கிய அன்றே தொடங்குங்கள். அரிசிக்குத் தம்பலகாமமும் கந்தளாயும் பக்கத்திலேயே இருக்கின்றன.

சாப்பாட்டில் பிரச்சினை காரம் அல்ல, நேரம். இடியப்பமும் சொதியும் காலையிலும் இரவிலும், சோற்றுப் பார்சல் மத்தியானம், இடையில் ரோல்ஸும் தேநீரும். மத்தியானம் இரண்டரைக்குப் பிறகு சோறு தேடினால் சட்டிதான் மிஞ்சும். பாணும் வெண்ணெயும் எங்கும் கிடைக்கும்; கறுப்பு ரை ரொட்டி கிடைக்காது, அதற்கு ஏங்க வேண்டாம். பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. அன்று மதுவும் இறைச்சியும் விற்க மாட்டார்கள். வெள்ளி நண்பகலில் முஸ்லிம் கடைகள் தொழுகைக்காகப் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பகலில் சாப்பாட்டுக்கடை தேடி அலையாதீர்கள். மாலையில் நோன்புக் கஞ்சி தானாகவே உங்கள் கைக்கு வரும்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எவருமே பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. ஒரே கடைக்காரர் மூன்று மொழியில் மாறி மாறிப் பேசுவதை ஒரு நாளில் பலமுறை கேட்பீர்கள். அதை அழகு என்று எழுதுகிறவர்கள் உண்டு. யாரோடு எதைப் பேசக்கூடாது என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது என்பதை நான் சேர்த்துச் சொல்வேன். போர்க் காலத்தில் என்ன நடந்தது என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். ஒரு வருடம் பழகிய பிறகு, ஏதோ ஒரு பின்னேரம், அவர்களாகவே சொல்லத் தொடங்குவார்கள். அப்போது குறிப்பெடுக்காமல் கேட்டால் போதும். பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாமும் துறைமுகத்தில் கடற்படைத் தளமும் இருக்கின்றன. புள்ளிமானைப் படம் எடுக்கலாம், காவலரணை எடுக்கக்கூடாது.

இனி உங்களைப் பற்றி. இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்: ஊரோடு ஒட்டுவதில் உங்கள் கணவரைவிட உங்களுக்குத்தான் சிரமம் அதிகம். அவர் கோயிலுக்குள் செருப்போடு ஒரு அடி வைத்தால் சிரித்துக்கொண்டே கழற்றச் சொல்வார்கள். அதையே நீங்கள் செய்தால் உங்கள் தாயின் வளர்ப்பு பேசப்படும். அவருடைய உடைந்த தமிழுக்குக் கைதட்டல். உங்கள் தமிழில் ஓர் எழுத்து வழுக்கினால் "வெளிநாட்டுப் பிள்ளை" என்ற பட்டம். தாலி எங்கே, பிள்ளை எப்போது, அவர் ஏன் வேலைக்குப் போகவில்லை: மூன்று கேள்வியும் முதல் வாரத்திலேயே வரும், அதுவும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடமிருந்து. கோபப்பட்டால் உங்கள் நாள்தான் கெடும். கடைசிக் கேள்விக்கு ஒரு பதிலை இருவரும் பேசி வைத்துக்கொண்டு எல்லோரிடமும் அதையே சொல்லுங்கள். "விசாவில் அனுமதி இல்லை" என்பது உண்மை, சுருக்கம், மேலும் கேள்வியைத் தூண்டாது.

உண்மை என்றேன். உங்கள் வதிவிட விசாவோடு துணைவராக வருகிறவர் இங்கே சம்பள வேலை செய்ய முடியாது. டென்மார்க் நிறுவனம் ஒன்றுக்கு இங்கிருந்தபடி கணினியில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால், உங்கள் அலுவலகச் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். விருந்தில் யாரோ சொன்ன அபிப்பிராயத்தை நம்பாதீர்கள். திருமணச் சான்றிதழைச் சான்றுப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுவாருங்கள். விசா வேலைக்குக் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகவேண்டி வரும். அதற்கு ஒரு நாள் என்று திட்டமிடாதீர்கள், இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர் விடயம். தாய்வழிச் சொந்தங்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். வந்த முதல் மாதத்திலேயே எல்லா வீட்டுக்கும் ஒருமுறை போய்விடுங்கள், கணவரோடு, பின்னேரத்தில், கையில் ஏதாவது பழத்தோடு. போகாமல் விட்ட வீடு இரண்டு ஆண்டும் கணக்கில் நிற்கும். அதன் பிறகு ஞாயிறு உங்களுடையது என்று மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். உடையைப் பொறுத்தவரை நகருக்குள் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். நீச்சலுடையை உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நகருக்குள் இருக்கிற டச்சுக்குடா, குடும்பங்கள் பிள்ளைகளோடு காற்று வாங்கவும் கடலை கொறிக்கவும் வருகிற கரை.

கணவருக்கு இந்த ஊரோடு ஒரு பழைய தொடர்பு இருக்கிறது, அவருக்கே தெரிந்திருக்காது. 1620இல் ஓவெ யெட்டெ என்ற தளபதியின் தலைமையில் டேனிஷ் கப்பல்கள் இலங்கைக்கு வந்தன. கண்டி மன்னன் செனரத்தோடு உடன்படிக்கை செய்து, திருகோணமலையில் கோட்டை கட்டவும் தொடங்கினார்கள். போர்த்துக்கேயரைத் துரத்த ஐரோப்பியத் துணை ஒன்று தேவை என்பது மன்னனின் கணக்கு. அது பலிக்கவில்லை. டேனிஷ்காரர் அதே ஆண்டில் கடலைத் தாண்டித் தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றுக்கொண்டு அங்கே நிலைத்துவிட்டார்கள். நம் கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கற்களும் சேர்ந்ததுதான் இன்றைய பிரட்ரிக் கோட்டை. இப்போது நாம் கும்பிடுகிற கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. கோணேசர் நகர்வலம் வருகிற சிவராத்திரிக் காலத்தில் உங்கள் கணவர் வேட்டியோடு வீதியில் நின்று இந்தக் கதையைப் பாதித் தமிழில் சொன்னாரானால், அதன் பிறகு அவர் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று எவரும் கேட்க மாட்டார்கள்.

உடல்நலத்தில் நான் பயப்படுவது டெங்குவுக்கு மட்டும். 2017இல் கிண்ணியாவைப் படுத்திய பாட்டை ஊர் மறக்கவில்லை. மழை தொடங்கினால் பூச்சட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, கூரைப் பீலி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். இபுபுறூபனும் அஸ்பிரினும் தொடவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை. அரசு வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், 1990 என்ற எண்ணை அழைத்தால் அம்புலன்ஸும் இலவசம். தெருநாய் கீறினாலும் கடித்தாலும் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலை; நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

வாகனம் ஓட்டுவதானால் சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது, இங்கே அதற்கு அங்கீகாரம் பெற வேண்டும். முதல் ஆறு மாதம் ஓட்டோவும் பஸ்ஸுமே நல்லது என்பது என் எண்ணம். தனியார் பஸ் எதிரே வருகிற விதத்தை முதலில் பயணியாக இருந்து படித்துக்கொள்ளலாம்.

வார இறுதிக்கு முதலில் பக்கத்து இடங்கள். புறாத்தீவு நிலாவெளிக்கு நேரே, ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 2003 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறையும் கருமுனைச் சுறாவும் பார்க்கலாம், அந்தச் சுறா சாதாரணமாக மனிதரைக் கடிப்பதில்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு என்பதால் வதிவிட விசாவைக் காட்டி உள்ளூர்க் கட்டணம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை மூன்றையும் தவிர்க்கலாம். உங்கள் கணவருக்கு வாரநாளும் ஒன்றுதானே. திமிங்கிலம் பார்க்க ஏப்ரல், மே நல்ல மாதங்கள். துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால் நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளுக்கு விடியற்காலையில் போங்கள். இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிற குடும்பங்கள் அங்கே இருக்கும். ஒதுங்கி நில்லுங்கள், படம் வேண்டாம்.

மட்டக்களப்புக்குக் கிண்ணியா, மூதூர் வழியாகக் கரையோர வீதி போகிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைப்படகுக்குக் காத்து நின்ற இடம் அது. பகல் பயணமாகப் போய் இரவு தங்கி வாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா வழி. கண்டி, தம்புள்ளை, கொழும்பு எதற்குப் போனாலும் கந்தளாயும் ஹபரணையும் கடக்க வேண்டும். இருட்டிய பிறகு அந்தக் காட்டுப் பாதையில் ஓட வேண்டாம். வளைவுக்கு அப்பால் யானை நிற்பது கதையல்ல. கொழும்புக்கு இரவு ரயில் மெதுவானது, கல்லோயாச் சந்தியில் நெடுநேரம் நின்று அலுப்படிக்கும், ஆனாலும் பஸ்ஸைவிட முதுகுக்கு நல்லது. படுக்கை ஆசனங்கள் விரைவில் போய்விடும், பதிவு திறந்த அன்றே எடுங்கள்.

ஆசியப் பயணத்துக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: கச்சானில் ஊரில் இருங்கள், வாடையில் வெளியே போங்கள். உங்கள் விடுமுறை நாட்களை ஜூலையில் செலவழிப்பது வீண்; உலகம் முழுவதும் காசு கொடுத்து நம் கடலுக்கு வருகிற நேரம் அது. டிசம்பரில்தான் உங்கள் கணவருக்கு வெளிச்சம் தேவைப்படும். அந்த மாதம் தாய்லாந்தின் வடக்கும் பாங்கொக்கும் உலர்ந்து இதமாக இருக்கும். தாய்லாந்து வளைகுடாவின் சாமுயித் தீவு வேண்டாம், அங்கேயும் அப்போது மழை. மத்திய வியட்நாமும் அப்படியே. சென்னைக்கு ஓடலாம் என்று நினைக்காதீர்கள்; நம்மை நனைக்கிற அதே வடகீழ்ப் பருவமழைதான் அங்கேயும் கொட்டும். தமிழ்நாட்டை ஜனவரி பிற்பகுதிக்கும் பெப்ரவரிக்கும் வைத்துக்கொண்டு, அப்போது தரங்கம்பாடிக்குப் போங்கள். டேனிஷ்காரர் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் உண்டு, கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை இறங்கத் தேவையில்லை. காங்கேசன்துறை, நாகப்பட்டினம் கப்பல் 2023இல் தொடங்கி விட்டு விட்டு ஓடுகிறது. இந்திய இ-விசா குறிப்பிட்ட விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே செல்லும் என்பதால் உங்கள் கடவுச்சீட்டுகளுக்கு விமானமே தலைவலி இல்லாத வழி. தைப்பூசத்துக்குப் பத்துமலை போக ஆசை என்றால் கோலாலம்பூரில் அறையை மாதங்களுக்கு முன்னரே பிடியுங்கள்.

வெளியே போகுமுன் உங்கள் வதிவிட விசாவில் மறுபடி நுழைய அனுமதி இருக்கிறதா, எப்போது முடிகிறது என்று பாருங்கள். கட்டுநாயக்காவுக்குக் காரில் ஐந்து ஆறு மணி நேரம். பல விமானங்கள் நள்ளிரவுக்குப் பிறகு புறப்படுகின்றன, அதை நம்பி மாலையில் கிளம்பினால் யானைப் பாதை இருட்டில் வரும். காலையிலேயே கிளம்பி நீர்கொழும்பில் இளைப்பாறுங்கள்.

கொண்டுவர வேண்டியவை குறைவு. நுளம்பு வலை, மின்விசிறி, பாத்திரம் எல்லாம் இங்கேயே நல்லதாகக் கிடைக்கும். தளபாடம் மரத்தச்சரிடம் செய்வித்தால் கடையைவிட மலிவு. உங்கள் கணவர் உயரமானவர் என்றால் கட்டிலை அளவு கொடுத்துச் செய்விக்கத்தான் வேண்டும். வெயில் பூச்சு இங்கே விலை அதிகம், அதைக் கொண்டுவாருங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவராக இருந்தால் ஒன்று கூடுதலாக. காலணி அளவு 45க்கு மேல் என்றால் இரண்டு சோடி செருப்பும் ஒரு சோடி சப்பாத்தும் பெட்டியில் வையுங்கள். பிரதான வீதிக் கடைகளில் அந்த அளவு தேடி அவர் களைத்துப்போவார்.